அலகு மாற்றம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அலகு மாற்றம் குறித்து வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டேன். கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): ஐயா, 14 செ.மீ. விட்டமுள்ள குழாயில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நீர் பாய்கிறது. 35 மீ. நீளமும் 22 மீ. அகலமும் கொண்ட தொட்டியில் நீர்மட்டம் 30 செ.மீ. உயர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு 0.03 மணி வருகிறது. விடை 3 மணி என்கிறார்கள்.

பதில்: சூத்திரத்தில் நீ தவறவில்லை. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 22/7 × 7 × 7 = 154 ச.செ.மீ. என்பது வரை சரியாகவே போட்டிருப்பாய். அடுத்த வரியில் அதை 100ஆல் வகுத்து 1.54 ச.மீ. என்று எழுதியிருப்பாய், சறுக்கிய இடம் அதுதான். வீட்டுத் தரையில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சாக்கட்டியால் வரைந்து, அதற்குள் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களைப் போடத் தொடங்கிப் பார். ஒரு வரிசைக்கு 100 கட்டங்கள் வரும். அப்படி 100 வரிசைகள் வரும். ஆகவே ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர்கள் உள்ளன.

இனி இப்படி எழுது: 154 செ.மீ. × செ.மீ. × (1 மீ./100 செ.மீ.) × (1 மீ./100 செ.மீ.). அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பின்னத்தின் மதிப்பும் 1 என்பதால், பெருக்கினாலும் பரப்பு மாறுவதில்லை, அதன் பெயர் மட்டுமே மாறுகிறது. மேலே உள்ள இரண்டு செ.மீ.களையும் கீழே உள்ள இரண்டையும் அடித்துவிட்டால் 0.0154 ச.மீ. மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 5,000 மீ. நீளத்துக்கு நீர் வருகிறது; எனவே 77 கன மீட்டர். தொட்டிக்கு வேண்டியது 35 × 22 × 0.30 = 231 கன மீட்டர். வகுத்தால் 3 மணி.

கணக்கை மூடும் முன் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். 231 கன மீட்டர் என்பது 2,31,000 லிட்டர், 0.03 மணி என்பது 108 வினாடி. ஒரு சாண்கூட அகலமில்லாத குழாய் இரண்டு நிமிடத்துக்குள் இவ்வளவு தண்ணீரைக் கொட்டுமா? அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் இந்தச் சந்தேகமே எழாது. இந்த எச்சரிக்கையை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

கேள்வி: சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக மாற்ற 100ஆல் பெருக்க வேண்டுமா?

பதில்: 10,000ஆல். காரணம் மேலே உள்ளது.

கேள்வி (பெற்றோர்): நாங்கள் வாங்கிய மனை 3 சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. மகனிடம் கொடுத்தேன், 398 சதுர மீட்டர் என்கிறான். சரியா? பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பதாகவும் சந்தேகம்.

பதில்: ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் 1,306.8 சதுர அடி. உங்கள் மகன் இதை 0.3048ஆல் ஒரே ஒரு முறை பெருக்கியிருக்கிறான். அது அடியை மீட்டராக்கும் எண். சதுர அடிக்கு அதை இரண்டு முறை பெருக்க வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 121.4 சதுர மீட்டர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர் என்பதால் பட்டாவில் 1.21 ஏர் அளவில் இருக்க வேண்டும். வேலிப் பிரச்சினையை நில அளவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 20,000 கன அடி என்று செய்தியில் வருகிறது, இருப்பை மட்டும் டி.எம்.சி.யில் சொல்கிறார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா?

பதில்: நான் வகுப்பில் விரும்பி நடத்திய கணக்கு இது. செய்தியில் விடுபட்ட சொல் 'வினாடிக்கு'. வெறும் 20,000 கன அடி என்பது நீரின் அளவு. வினாடிக்கு 20,000 கன அடி என்பது நீர் வரும் வீதம். வீதத்தை அளவாக மாற்ற வேண்டுமானால் எத்தனை நேரம் என்பது தெரிந்தாக வேண்டும். ஒரு நாளில் 86,400 வினாடிகள். 20,000 கன அடி/வினாடி × 86,400 வினாடி என்று எழுதி வினாடியை அடித்துவிட்டால் 172.8 கோடி கன அடி கிடைக்கும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆகவே இதே வரத்து நாள் முழுவதும் நீடித்தால் 1.728 டி.எம்.சி. சேரும். அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யை இதனால் வகுத்தால், ஒரு சொட்டுகூட வெளியேற்றாத நிலையில், காலி அணை நிரம்ப 54 நாட்கள் ஆகும். மெட்ரிக் அளவில் வேண்டுமானால் 0.3048ஐ மும்முறை பெருக்குங்கள், ஒரு டி.எம்.சி. சுமார் 2.83 கோடி கன மீட்டர்.

கேள்வி (போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர்): ஐயா, இவ்வளவு நீட்டி எழுதினால் மாணவன் தேர்வை முடிக்கவே மாட்டான். கி.மீ./மணியை மீ./வினாடியாக்க 5/18, அவ்வளவுதான். இதற்கு எதற்கு அடைப்புக்குறிகள்?

பதில்: 5/18 எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான். கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர், மணிக்கு 3,600 வினாடி. 1000/3600ஐச் சுருக்கினால் 5/18. இதை ஒருமுறை தானே வருவித்த மாணவன் மறந்தாலும் மீண்டும் வருவித்துக்கொள்வான். மனப்பாடம் செய்தவனிடம் அடர்த்தியைக் கொடுத்து, கிராம்/க.செ.மீ.யைக் கிலோகிராம்/க.மீ. ஆக்கச் சொல்லுங்கள்; அதற்கு எந்த மந்திர எண் என்று விழிப்பான். அலகுகளை எழுதியவனுக்கு, பத்து லட்சத்தை ஆயிரத்தால் வகுத்தால் ஆயிரம் என்று தானாகவே வரும்.

அதே ஆசிரியர்: அடர்த்திக்கு 1,000 என்று அதையும் மனப்பாடம் செய்துகொண்டால் போகிறது. எண் சரியாக இருந்தால் விடை சரியாக வரும்.

பதில்: எண் சரியாக இருந்தும் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றிருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்களோ பழகிப்போன 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 பிழையான எண் அன்று. அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண். ஏற்கெனவே 13,597 கிலோ இருப்பதாக எண்ணிக்கொண்டு, மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்பியிருக்க வேண்டியது சுமார் 20,090 லிட்டர். எஞ்சின்கள் அணைந்தபின் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தைச் சறுக்கியபடியே இறக்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். 1.77க்குப் பக்கத்தில் 'பவுண்டு/லிட்டர்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அடிக்கும்போது கிலோ வராமல் பவுண்டு வந்து நின்றிருக்கும்.

அதே ஆசிரியர்: விமானக் கதை வேறு, ஒரு மதிப்பெண் வினா வேறு. உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் 5/18 பயன்படுத்துவதே இல்லையா?

பதில்: பயன்படுத்துகிறேன். மணிக்கு 90 கி.மீ. என்றதும் வினாடிக்கு 25 மீட்டர் என்று கை தானாகவே எழுதுகிறது. கற்றபின் சுருக்குவதை நான் மறுக்கவில்லை; கற்பதற்கு முன்பே சுருக்குவதைத்தான் மறுக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்ற நெருக்கடி தங்களுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (தேர்வுக்குப் படிப்பவர்): நானும் 5/18தான் பயன்படுத்துகிறேன். 20 மீ./வினாடி வேகமுள்ள ரயிலின் வேகம் மணிக்கு 5.56 கி.மீ. என்று வந்தது. விடைப்பட்டியலில் 72 என்று அச்சாகியிருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் என்றால் இறங்கி நடந்துகொண்டே ஏறிக்கொள்ளலாம். தலைகீழாகப் பெருக்கியிருக்கிறீர்கள், 18/5.

கேள்வி: ஒரு படி அரிசி எத்தனை கிலோ?

பதில்: படி முகத்தல் அளவை, கிலோ நிறுத்தல் அளவை. அரிசிக்கு ஓர் எடை, உளுந்துக்கு ஓர் எடை. ஊருக்கு ஊர் படியும் வேறுபட்டது. உங்கள் வீட்டுப் படியில் அளந்து, தராசில் நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. சூத்திரத்தில் போட்டால் செல்சியஸில் −16.7 வருகிறது.

பதில்: 32ஐக் கழிப்பது வெப்பமானி காட்டும் அளவுக்கு, ஏற்ற இறக்கத்துக்கு அன்று. இரண்டு அளவுகளிலும் 32 இருப்பதால் வித்தியாசம் எடுக்கும்போது அது நீங்கிவிடும். 2 × 5/9, அதாவது 1.1 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 5 சதுர மீட்டர் என்பது 500 சதுர சென்டிமீட்டர்தானே?

பதில்: அன்று. முதல் பதில்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு): கால்குலேட்டரில் சைன் 30க்கு −0.988 வருகிறது. பழுதா?

பதில்: கருவி ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்று, 0.5 வரும். கோணத்துக்கும் அலகு உண்டு, எழுது.

கேள்வி: ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் 1,000 சதுர மீட்டரா?

பதில்: பத்து லட்சம். முதல் பதிலைப் படிக்காமல் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள்.