கேள்வி நேரம்: ஆங்கிலத்தின் கலப்புச் சொற்கள்

கே: ஆங்கில நாளிதழ்களில் ‘ஹாங்ரி’ (பசியால் கோபம்), ‘ஸ்டேகேஷன்’ (வீட்டிலிருந்தே கழிக்கும் விடுமுறை) போன்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஒரு சொல் கலப்புச் சொல்தான் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகி, மதுரை

ப: முதல் சொல்லின் தலையும் இரண்டாம் சொல்லின் வாலும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்ஃபாஸ்ட்டும் லஞ்ச்சும் சேர்ந்து பிரன்ச். ஸ்மோக்கும் ஃபாகும் சேர்ந்து ஸ்மாக். இரண்டு சொல்லும் வெட்டுப்படாமல் நின்றால் அது கூட்டுச்சொல். டூமும் ஸ்க்ரோலும் முழுதாக நிற்கும் ‘டூம்ஸ்க்ரோல்’ அந்த வகை. சிச்சுவேஷன் காமெடி ‘சிட்காம்’ ஆனது போல இரண்டிலும் தலை மட்டும் மிஞ்சினால் அதைச் சுருக்கம் என்று வைப்பதே சரி.

அடுத்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நன்றாக அமைந்த கலப்புச் சொல் பெரும்பாலும் இரண்டாம் சொல்லின் அசைக் கணக்கையும் அழுத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஹோட்டலுக்கு இரண்டு அசை, அழுத்தம் பின்னசையில், மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்த மோட்டலுக்கும் அதேதான். ஹாங்ரி இன்னும் அழகு. ‘ஹங்ரி’, ‘ஆங்ரி’ இரண்டுக்கும் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றே. எழுத்தில் ஒரே ஒரு உயிரெழுத்துதான் மாறுகிறது. பசியும் கோபமும் முழுதாகக் காதில் விழுகின்றன. இப்படிப் பொது ஒலி இருக்கும் சொற்களே நிலைக்கின்றன என்பது என் எண்ணம். மூலச்சொல் எது என்று ஊகிக்க முடியாத அளவுக்கு வெட்டினால், விளக்கம் சொல்லியே சொல்லைப் பிழைக்க வைக்க வேண்டியிருக்கும்.

கே: நான் கண்ட சொல் உண்மையிலேயே புதியதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: பெரும்பாலும் நினைப்பதைவிடப் பழையதாகவே இருக்கும். ஹாங்ரி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியது 2018இல். அந்த அகராதி காட்டும் முதல் சான்றோ 1956ஆம் ஆண்டுடையது. எனவே அகராதியில் சேர்ந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்ளாதீர்கள். முதல் மேற்கோளின் ஆண்டைப் பாருங்கள்.

அகராதியில் இல்லையென்றால், ஒரு சொல் எந்த ஆண்டுப் புத்தகங்களில் எவ்வளவு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் என்கிராம் வ்யூவரில் தேடலாம். ஆனால் 40 புத்தகங்களுக்குக் குறைவாக வந்த சொல்லை அது காட்டாது. கோடு தரையோடு கிடப்பதால் சொல்லே இல்லை என்றாகிவிடாது. திடீரென 1800களில் ஒரு மேடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: பழைய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கலாம், அல்லது அது யாரோ ஒருவரின் குடும்பப் பெயராக இருக்கலாம். புத்தகப் பக்கத்தைத் திறந்து வாக்கியத்தைப் படிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

புதுச் சொல்லுக்கு நல்ல இடம், இணையத்தில் தேடக்கூடிய ‘நவ்’ (NOW) என்ற ஆங்கிலச் செய்தித் தொகுப்பு. 2010 முதலான இணைய நாளிதழ்ச் செய்திகள் அதில் உள்ளன. உடுக்குறி (*) போட்டு, அதையடுத்து ‘என்டர்டெயின்மென்ட்’டின் வாலான ‘டெயின்மென்ட்’ (tainment) என்று தேடினால் இன்ஃபோடெயின்மென்ட், எடுடெயின்மென்ட் என வரிசையாக வரும். மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் நடுவில் சிறுகோடு இட்டதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எழுதுபவருக்கே சொல் இன்னும் பழகவில்லை என்பதற்கு அவை அடையாளம். 1925இல் கலிஃபோர்னியாவில் திறந்த முதல் மோட்டலின் பெயர்கூட ‘மோ-டெல்’ என்று கோடிட்டுத்தான் எழுதப்பட்டது.

கே: ஓயாமல் வேலை செய்பவரைக் குறிக்கும் ‘வர்க்கஹாலிக்’கும் கலப்பா?
– வாசகர், கோவை

ப: தொடக்கத்தில் ஆம், வர்க்கும் ஆல்கஹாலிக்கும் சேர்ந்தது. ஆல்கஹாலிக் என்பதில் விகுதி ‘இக்’ மட்டுமே. மக்கள் ‘அஹாலிக்’ என்று தவறாகப் பிரித்தார்கள். பிறகு ஷாப்பஹாலிக், சாக்கஹாலிக் என்று பெருகி அதுவே விகுதியாகிவிட்டது. ஒரே வாலோடு நாலைந்து சொற்கள் கிடைத்தால், அவற்றைக் கலப்புப் பட்டியலிலிருந்து எடுத்து விகுதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.