ஆட்டத்தின் நடுவே ஆள் போய்விட்டால்: கேள்வி பதில்

இணையத்தில் பணம் வைக்காமல் இருபத்தெட்டு, ரம்மி ஆகிய சீட்டாட்டங்களை ஆடும் நம் கடற்கரை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, இரவு மேசைகளை நடத்திவரும் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து: ஐயா, இருபத்தெட்டில் என் ஜோடி ஏலம் கேட்டு (இத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்லி), துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைத்துவிட்டு, நான்காவது சுற்றில் காணாமல் போனார். உடனே நாங்கள் தோற்றதாக எழுதிவிட்டார்கள். இது நியாயமா?

நியாயமில்லை. எழுந்து போகாத உங்களையும் அது தண்டிக்கிறது. முதல் சீட்டு இறங்கும் முன்பே ஒருவர் போயிருந்தால், அந்தக் கையை, அதாவது அந்த ஒரு பகிர்வின் ஆட்டத்தை, ரத்து செய்து மறுபடி பகிர்வதே முறை. நான்காவது சுற்று வரை வந்துவிட்ட நிலையில், முதலில் இதுவரை எடுத்த புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று இனத்துக்கு 7 வீதம் மொத்தமே 28 புள்ளிதான்; ஆகவே உங்கள் ஏலம் 18 என்றால், நீங்கள் 18 எடுத்திருந்தால் வெற்றி, எதிரணி 11 எடுத்திருந்தால் தோல்வி, இரண்டும் இல்லையென்றால் ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது மாற்றாள் உட்கார வேண்டும். ஆனால் நால்வர் கையையும் பார்த்துக்கொண்டிருந்த பார்வையாளரை ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். மறைந்திருக்கும் துருப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர். தகுந்த ஆள் இல்லையென்றால் கணினியை ஆடவிடுவதைவிட, அந்தக் கையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவதையே நான் விரும்புவேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: சிக்னல் போனதா, வேண்டுமென்றே போனாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்துச் சொல்லவே முடியாது. வெளியேறும் பொத்தானை அழுத்தினால் அது சர்வருக்குச் செய்தியாகப் போகும். சிக்னல் அறுந்தால் அமைதி மட்டுமே மிஞ்சும். ஆனால் செயலியை அப்படியே மூடினாலும் அதே அமைதிதான், அழைப்பு வந்து செயலி பின்னால் போனாலும் அதேதான். ஆகவே போன நேரத்தையும், அப்போது அவர் கை எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மோசமான கை வரும்போதெல்லாம் ஒருவருக்கே சிக்னல் போகிறது என்றால், தனியாக அழைத்துப் பேசலாம். எல்லார் முன்னும் குற்றம் சாட்ட வேண்டாம். வழக்கமாக நான் இரண்டு நிமிடம் இருக்கையைக் காத்து வைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக மின்சாரம் போகும் இரவுகளில் ஐந்து நிமிடம் தருவேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால், மாற்றாளுக்குப் பஞ்சமே இருக்காது.

கீழக்கரையிலிருந்து: துபாயில் இருக்கும் என் மச்சான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் போய்விடுகிறார்.

நேரத்தை வைத்து ஆடாமல், எட்டு கை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதையும் கணக்கில் கொண்டு தொடங்குங்கள்.

தொண்டியிலிருந்து: ரம்மியில் நடுவில் போனவருக்கு எத்தனை புள்ளி எழுதுவது?

பழக்கத்தில் உள்ள கணக்குப்படி, முதல் முறையே சீட்டு எடுக்காமல் விலகினால் 20, நடுவில் விலகினால் 40, முழுத் தோல்விக்கு 80. இணைப்பு அறுந்து திரும்பாதவருக்கு 40 எழுதினால் போதும். 80 எழுதுவது கொடுமை. அவருடைய சீட்டுகளை யாருக்கும் காட்டாமல் ஒதுக்கிவிட வேண்டும், சீட்டுக்கட்டோடு கலக்கக் கூடாது. இந்தப் புள்ளிகளைப் பணமாக மாற்றும் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.