ஃபேமிலி ஸ்டடி ரெக்கார்டு: ரத்தசோகை இருக்கிறது, வீட்டைக் காணோம்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒரு குடும்பத்தை எடுத்து ஃபேமிலி கேர் ஸ்டடி எழுத வேண்டும். நான் எடுத்தது ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரின் குடும்பம். வயது 23, ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, டெசிலிட்டருக்குக் கிராமில்) 8.4, மூத்த குழந்தைக்கு ஒன்றரை வயது. 58 பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘முழுக்கப் புத்தகம்தான் இருக்கு, குடும்பம் எங்கே?’ என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் மறுபடி கொடுக்க வேண்டும். 14 நாள்தான் அந்த வீட்டுக்குப் போனேன், கடைசியில் ஹெச்.பி. பார்க்கவில்லை. எவாலுவேஷனில் (பலனை மதிப்பிடும் கடைசிப் பகுதியில்) 9.6 என்று போட்டுக்கொள் என்கிறார்கள் தோழிகள். எப்படித் திருத்துவது?
— ஒரு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் அந்த 9.6. போடாதீர்கள்.

பொய் சொல்லக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பொய் நிற்கவும் நிற்காது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் கர்ப்பிணிக்கு ஒரு மாதத்தில் ஹெச்.பி. 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காரணம் பார்க்க வேண்டும். நம் தேசிய வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. மாதத்துக்கு 1 கிராம் கணக்கு இருக்கும்போது 14 நாளில் 1.2 ஏறியது என்று எழுதினால், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வரும் எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துவிடுவார். ‘எந்த முறையில் பார்த்தீங்க?’ என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். பி.ஹெச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) அனலைசரில் பார்த்த 8.4-ஐயும் சப் சென்டரில் (துணை சுகாதார நிலையத்தில்) சாலி குழாயில் நிறம் ஒப்பிட்டுப் பார்த்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஏறியது’ என்று சொல்ல முடியாது. விரலை அழுத்திப் பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து அளவு குறைந்தும் காட்டும். நிஜமாகவே இரண்டாம் முறை பார்த்த மாணவிகளே இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பார்க்காதவர் என்ன பதில் சொல்வார்?

14 நாளில் ஹெச்.பி. பெரிதாக மாறாது, சரி. மாறக்கூடியவை வேறு சில இருக்கின்றன. மாத்திரை எண்ணிக்கை அதில் முதலாவது. அந்தப் பெண்ணுக்கு இருப்பது மிதமான ரத்தசோகை. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை; 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை மிதமானது, 7-க்குக் கீழே கடுமையானது. மிதமான நிலைக்கு வழக்கமாகக் கொடுப்பது 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை, தினம் இரண்டு. 14 நாளுக்கு 28 ஆயிற்று. முதல் நாள் வீட்டில் 60 மாத்திரை இருந்து, கடைசி நாள் 37 மீதி என்றால் சாப்பிட்டது 23. நூற்றுக்கு 82. இந்த ஒரு வரி, கற்பனையான 9.6-ஐவிட உங்களுக்கு அதிக மார்க் வாங்கித் தரும். ஐந்து மாத்திரை ஏன் விட்டுப்போயின என்று அடுத்த வரியில் எழுதினால் இன்னும் நல்லது.

எண்ணவில்லையா? இன்னும் பத்து நாள் இருக்கிறது. மேடத்திடம் அனுமதி கேட்டு, வி.ஹெச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒரு தடவை போய் வாருங்கள். போகவே முடியாது என்றால் ‘போஸ்டிங் காலத்துக்குள் மறுபரிசோதனை செய்யப்படவில்லை’ என்று நேராக எழுதி, அடுத்த பரிசோதனை எப்போது என்பதையும் குறியுங்கள். அப்படி எழுதியதற்காக நான் யாருக்கும் மார்க் குறைத்ததில்லை.

இனி, ‘குடும்பம் எங்கே?’ என்ற கேள்வி. 58 பக்கத்தில் ஏறக்குறைய முப்பது பக்கம் ரத்தசோகையின் வரையறை, வகைகள், ரத்த சிவப்பணு உருவாகும் விதம், படம், அட்டவணை என்று போயிருக்கும். பார்க்காமலே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருடைய ரெக்கார்டும் அப்படித்தான் வருகிறது. அதை நான்கைந்து பக்கத்துக்குச் சுருக்குங்கள். நாட்டு நிலவரமும் ஒரு வரி போதும்: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அங்கிருந்து நேரே அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன், என் மாணவிகளுக்கு இது பலித்திருக்கிறது. ரெக்கார்டை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். அதற்கு முன் ஒரு ரஃப் நோட்டில், அந்தப் பெண்ணும் அவர் மாமியாரும் சொன்னதை அவர்கள் வாய்ப்பேச்சாகவே தமிழில் எழுதுங்கள். ‘மாத்திரை போட்டா கறுப்பா வெளிக்குப் போகுது, பயமா இருக்கு.’ ‘குமட்டுது, அதனால டீ குடிச்சுட்டு அதோட சேர்த்துப் போட்டுக்குவேன்.’ ‘ரொம்பப் போட்டா புள்ளை கறுப்பாப் பொறக்கும்னு அத்தை சொல்லுது.’ இந்த மூன்று வாக்கியத்தில் உங்கள் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நேரடியாக எழுத உட்கார்ந்தால் கை தானாகப் புத்தகத்துக்குப் போய்விடும்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மலம் கறுப்பாவது இரும்பு மாத்திரையின் இயல்பு, ஆபத்தில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே பிரச்சினையை ‘அறிவுக் குறைபாடு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதைப் பற்றிய அறிவு, அது இல்லாததால் என்ன நடந்தது, அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று மூன்றும் வர வேண்டும்: மாத்திரையின் பக்கவிளைவு பற்றித் தெரியாததால் வாரத்தில் மூன்று நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார், பட்டையில் மீதியிருந்த மாத்திரைகளும் அவர் சொன்னதும் இதற்குச் சான்று. இப்படி எழுதினால் குறிக்கோள் தானாக வந்துவிடும்: ‘மூன்றாவது விசிட்டுக்குள், மலம் கறுப்பாவதன் காரணத்தை அவரே தன் வார்த்தையில் சொல்வார், அடுத்த ஏழு நாளில் ஒரு வேளைகூட விடமாட்டார்.’ அளக்கலாம், தேதி போடலாம். ‘ரத்தசோகை பற்றிய அறிவை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் எதை வைத்து அளப்பீர்கள்?

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுவாரசியமானது. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. அவர் மாத்திரையைச் சாப்பிட்டும் சாப்பிடாத கணக்குதான். குமட்டலுக்கு வழி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. டீ, காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். கர்ப்பிணிக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். அதையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கச் சொல்லாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டு இரும்பு, இரண்டு சுண்ணாம்பு, நடுவில் மூன்று டீ. இந்த ஐந்து மாதக்காரி எந்த நேரத்தில் எதைப் போடுவார்? வயலுக்குப் போகிற நேரம், வருகிற நேரம், அடுப்பு எரிகிற நேரம் எல்லாம் பார்த்து ஒரு நாள் கால அட்டவணை போட்டுக் கொடுங்கள். ரெக்கார்டில் அந்த ஒரு தாள் முப்பது பக்கத்துக்குச் சமம்.

உணவு ஆலோசனையில் எல்லாரும் எழுதுவது மாதுளை, பீட்ரூட், பேரீச்சை. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை நம் ஊரில் படித்தவர்களையும் விடவில்லை. மாதுளையில் 100 கிராமுக்கு அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது, பீட்ரூட்டில் 1 மில்லிகிராமைத் தொடாது. ஒரு மாத்திரையில் இருப்பது 60. 8.4-இல் இருக்கிற கர்ப்பிணியைச் சாப்பாட்டை மட்டும் வைத்து மீட்க முடியாது என்பதைக் கேர் பிளானிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். உணவு துணைக்கு வரும். அந்த வீட்டில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தீர்களா? கொல்லையில் முருங்கை இருந்தால் கீரை, கூடவே எலுமிச்சை பிழிந்து. கேழ்வரகு, காராமணி, முட்டை. அசைவக் குடும்பமென்றால் வாரச் சந்தையில் சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) கிடைக்கும். அதில் இருக்கும் இரும்பு எளிதில் சேரக்கூடியது, பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. மாமியார் சமைக்கிற வீட்டில் மருமகளை மட்டும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீர்கள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று சொன்னவரும் அவர்தானே. தோல் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது என்று அவரிடம் நிதானமாகப் பேசி, என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்றே எழுதுங்கள்.

கேர் பிளானில் பூச்சி மாத்திரையையும் சேர்த்தீர்களா? கர்ப்பத்தின் நான்கு முதல் ஆறாம் மாதத்துக்குள் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு தடவை கொடுப்பது வழக்கம். கொடுத்தார்களா என்று தாய் சேய் நல அட்டையில் பாருங்கள். வயலில் செருப்பில்லாமல் நிற்கிறவர் என்றால் கொக்கிப்புழு பற்றி அங்கேதான் எழுத வேண்டும், முன்னுரையில் தேவையில்லை. இரண்டு பிரசவத்துக்கும் இடைவெளி போதவில்லை என்பதும் ரத்தசோகைக்கு ஒரு காரணம், ஆகவே பிரசவத்துக்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனையும் இந்தக் குடும்பத்தின் தேவைதான்.

ஃபேமிலி ஸ்டடி என்று பெயர் வைத்துவிட்டு ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுவது இன்னொரு பொதுவான குறை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டரும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் ஆயிற்றா, அங்கன்வாடியில் எடை என்ன, இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு முறை கிடைக்கிறதா? மாமியாருக்கு பி.பி. பார்த்தீர்களா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இவை ஒன்றிரண்டு பக்கம்தான் வரும், ஆனால் குடும்பம் அங்கே தெரியும்.

சமூகப் பொருளாதார நிலைக்கு எந்த அளவுகோல் போட்டிருக்கிறீர்கள்? குப்புசாமி என்றால் மாற்றுங்கள். 1976-இல் வந்த அந்த அளவுகோல் நகரக் குடும்பங்களுக்கானது. கிராமத்துக்குப் பிரசாத் அளவுகோல் பொருந்தும்; குடும்பத்தின் மாத வருமானத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 18,000 ரூபாய், ஐந்து பேர் என்றால் தலைக்கு 3,600. ஆனால் அது 1961-இல் வந்தது, விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து அவ்வப்போது திருத்துகிறார்கள். சீனியர் ரெக்கார்டில் இருக்கும் பழைய அட்டவணையை அப்படியே எடுத்தால் அந்தக் குடும்பம் திடீரென்று ஒரு படி மேலே போய்விடும். எந்த ஆண்டுத் திருத்தம் என்று அட்டவணைக்கு அடியில் எழுதுங்கள்.

சீனியர் ரெக்கார்டு என்றதும் நினைவு வருகிறது. ஒரு முறை மூன்று மாணவிகள், மூன்று வெவ்வேறு கிராமம். மூன்று ரெக்கார்டிலும் வீட்டுக் கிணற்றின் ஆழம் 42 அடி. அதில் ஒரு கிராமத்தில் வீடுகளுக்குக் கிணறே கிடையாது, தெருக்குழாய்தான்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். சப் சென்டரில் இருக்கும் ஃபேமிலி ஃபோல்டரில் பெயர் இருக்கும், அது அவர்கள் ஆவணம். உங்கள் ரெக்கார்டு பல கை மாறும், நாளை யாரோ ஜெராக்ஸ் எடுப்பார்கள். ‘திருமதி க.’ என்றோ ‘தாய்’ என்றோ போட்டால் போதும். பிக்மி எண் (கர்ப்பப் பதிவுக்கு அரசு தரும் எண்), ஆதார், போன் நம்பர், கதவு எண் எதுவும் வேண்டாம். தாய் சேய் நல அட்டையை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள், தேவையான எண்களை மட்டும் கையால் எழுதுங்கள். முகம் தெரிகிற போட்டோவும் வேண்டாம். கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிற கையை மட்டும் எடுத்தால் போதும், அதற்கும் கேட்டுவிட்டு எடுங்கள்.

பத்து நாளை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். ரஃப் நோட்டுக்கு ஒரு நாள், மறுபடி போய்வர ஒரு நாள், கேர் பிளானுக்கு நான்கு நாள். மற்றதெல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலைதான். 58 பக்கம் 35 ஆனால் பயப்படாதீர்கள்.

ரெக்கார்டு முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு நீங்கள் போகமாட்டீர்கள், வி.ஹெச்.என். அக்கா போவார். எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது, மாமியார் என்ன சொல்கிறார், அடுத்த ஹெச்.பி. எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். அதே தேதியை எவாலுவேஷன் பக்கத்தில், 9.6 எழுதவிருந்த கட்டத்தில் எழுதுங்கள்.