பள்ளி முதல்வர் பதில்கள்: மூன்று நொடி பொறுத்தால்

கேள்வி: மகனின் பள்ளியில் 'மாணவரை மையமாகக் கொண்ட கல்வி' என்கிறார்கள். பிள்ளையை இஷ்டத்துக்கு விட்டுவிடுவதுதானே அது? எப்போது உருப்படியாகப் படிப்பான்?

பதில்: இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் அது ஆசிரியரின் சோம்பேறித்தனம், அதை நான் ஏற்க மாட்டேன். 1907-இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் முறையைப் பாருங்கள். எந்தப் பொருளை எடுப்பது என்பது பிள்ளையின் முடிவு, ஆனால் அலமாரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசித்து வைப்பவர் ஆசிரியர். அதில் ஒரு மரக்கட்டை உண்டு, பத்துக் குழி, பத்து உருளை. சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று எதிலும் நுழையாமல் கையிலேயே நிற்கும், யாரும் 'தப்பு' என்று சொல்லாமலே பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கும். இதுவும் படிப்புதான், அசல் படிப்பு.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது பேர். ஒவ்வொருவரையும் கவனிப்பது நடக்கிற காரியமா, சார்?

பதில்: டீச்சர், நாற்பது பேருக்கும் தனித்தனிப் பாடம் என்றால் முடியாதுதான். ஆனால் கேள்வி கேட்டபின் கொஞ்சம் பொறுக்கலாமே? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

எங்கள் பள்ளியிலேயே ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். உச்சி வேளையில் நிழல் ஏன் குட்டையாகிறது என்று கேள்வி. எழுந்து நின்ற சிறுமி ஒரு கையில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, இன்னொரு கையைச் சூரியனாக வைத்து மெல்ல மேலே கொண்டுபோனாள், உதடு லேசாக அசைந்தது, அதற்குள் 'சரி, உட்கார், அடுத்து யார்?' என்று குரல் வந்துவிட்டது. பதில் அவள் கையிலேயே இருந்தது! அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவள் உட்கார்ந்த விதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கேள்வி: பரீட்சை வருஷத்தில் பாட்டு, ஓவியம், விளையாட்டையெல்லாம் நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஓடியாடுவது அந்த வருஷம்தான் அதிகம் தேவை.

கேள்வி: வாராந்திர நோட்டில் மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். பையன் எப்படிப் படிக்கிறான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில்: பருவத் தேர்வுக்கு மார்க் உண்டு, கவலை வேண்டாம். ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் வாங்கியவர்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் பக்கத்து நோட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள், கீழே எழுதியதை யார் படிக்கிறார்கள்?

எங்கள் குறிப்பு ஒன்று: 'பின்னங்களைக் கூட்டும் முன் பகுதியைச் சமமாக்கினாய், நல்லது. மூன்றாம் கணக்கில் தொகுதியைப் பெருக்க மறந்துவிட்டாய், அதை மட்டும் திரும்பச் செய்.' அவனுக்கு என்ன தெரியும், எங்கே தடுக்கிறது, இரண்டும் இதில் இருக்கின்றன. பத்துக்கு ஆறு என்று போட்டிருந்தால் இரண்டுமே உங்களுக்குத் தெரிந்திருக்காது. நோட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றாம் கணக்கை அவனையே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள், நடுவில் மறித்துப் பேசாமல் கேளுங்கள்.