தினமும் பயன்படுத்தும் பொருட்களைப் பின்ன எந்த நூல் நல்லது?

இப்போதுதான் பின்னல் கற்றுக்கொண்டேன், கடையில் போய் நின்றால் எதை எடுப்பது என்றே தெரியவில்லை, வீட்டில் உள்ளவர்கள் தினமும் போட்டுக்கொள்கிற மாதிரி பின்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம், விலை, மென்மை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பின்னி முடித்ததை யார் துவைக்கப் போகிறார்கள், எப்படித் துவைப்பார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பாதி நூல்கள் அதிலேயே கழிந்துவிடும்.

ஆட்டுக் கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால், அல்லது மெஷினில் சுழலவிட்டால், அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும், அதற்குப் பிறகு என்ன இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. எல்லாத் துணியையும் ஒன்றாக மெஷினில் போடுகிற வீட்டுக்குச் சுத்தக் கம்பளியில் ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்காதீர்கள், உங்கள் உழைப்பு வீணாகப் போவதைப் பார்க்க மனசு தாங்காது. சூப்பர்வாஷ் என்று லேபிளில் போட்டிருக்கும் கம்பளி அப்படிச் சுருங்காது, ஆனால் நனைந்தால் நன்றாக நீளும், அதனால் கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

குழந்தைகளின் ஸ்கூல் ஸ்வெட்டர், குல்லா, போர்வை இதற்கெல்லாம் நான் தயங்காமல் சொல்வது நல்ல அக்ரிலிக்தான். அக்ரிலிக் என்றால் மட்டம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சுருங்காது, பூச்சி அரிக்காது, அடிக்கடி துவைக்கலாம், சீக்கிரம் காயும், விலையும் கட்டுப்படியாகும். நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான், லூதியானாவிலிருந்து வரும் வர்த்மான், ஆஸ்வால் கம்பெனி நூல் உருண்டைகளிலும் அக்ரிலிக் வகைகள் நிறைய உண்டு, ஆகவே லேபிளில் எத்தனை சதவீதம் எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். வாங்கும்முன் நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். உடனே பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வந்தால் ஸ்வெட்டரின் அக்குளிலும் முழங்கையிலும் சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரளும், நல்ல முறுக்கு உள்ள நூல் அப்படிச் சட்டென்று பிரியாது. ஒரு விஷயம், அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். துவண்டுபோய்த் தொய்ந்துவிடும், மீட்க முடியாது.

இதே காரணத்துக்காகத்தான் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைத்துணியை அக்ரிலிக்கில் பின்னக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதிகச் சூட்டில் அது உருகும், உருகினால் தோலில் ஒட்டும். அதற்குக் காட்டன்தான், அதையும் இரண்டு அடுக்காக, நெருக்கமாகப் பின்னுங்கள். பாத்திரம் துடைக்கும் துணி, பை, சென்னை வெயிலில் குழந்தைக்குப் போடும் கையில்லாச் சட்டை, இதற்கும் காட்டன்தான் சரி. ஆனால் இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் தன்மை காட்டனுக்குக் கிடையாது, பெரியவர்களுக்கு முழுக்கைச் சட்டை பின்னினால் தன் கனத்தாலேயே கீழே இறங்கும், மணிக்கட்டுப் பட்டியும் தளர்ந்துவிடும். அதோடு, ஒரே தடிமனில் காட்டன் 100 கிராமும் அக்ரிலிக் 100 கிராமும் வாங்கினால் காட்டனில் நீளம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் எடையைப் பார்க்காமல் லேபிளில் மீட்டரைப் பாருங்கள்.

சாக்ஸ் என்றால் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் கலந்த நூல் தேடுங்கள். நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகிவிடும்.

கைக்குழந்தைக்கு மொசுமொசுவென்று முடி உதிரும் நூல் வேண்டாம், வாய்க்குள் போகும். பெரிய ஓட்டை விழும் டிசைனும் வேண்டாம், சின்ன விரல் மாட்டிக்கொள்ளும்.

லேபிள் இல்லாத நூல் கிடைத்தால் சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை வந்தால் காட்டன். உருகிக் கறுப்பாகக் கெட்டி மணி போல் நின்றால் அக்ரிலிக் மாதிரிச் செயற்கை இழை, ஆறும்வரை தொடாதீர்கள்.

ஆரம்பத்துக்கு 8 பிளை என்கிற நடுத்தரத் தடிமன் நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும், வெளிர் நிறமாக எடுத்தால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். அடர் கறுப்பில் தொடங்காதீர்கள். அப்புறம் லேபிளில் சாய எண் என்று ஒன்று இருக்கும், ஒரு ஸ்வெட்டருக்கான எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, ஒரு உருண்டை கூடுதலாக வாங்கிவிடுங்கள், ஏனென்றால் பிறகு போய் அதே நிறம் கேட்டால் வேறு சாயத் தொகுதிதான் கிடைக்கும், முதுகு ஒரு நிறம் கை ஒரு நிறமாகத் தெரியும்.