மாத்திரையை மறைத்து ஒரு கல்யாணமா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. பி.எட். முடித்துவிட்டு ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். 14 வயதில் அவளுக்கு ஃபிட்ஸ் வந்தது. அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரை. கடந்த மூன்று வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. உண்மையைச் சொன்னதால் ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. இப்போது கோவையிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. பெண் பார்த்துப் பிடித்தும் போய்விட்டது. அடுத்த மாதம் நிச்சயம். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம், முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்” என்கிறார் என் அண்ணன். என் கணவருக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மகள் வாயே திறப்பதில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை உண்மையைச் சொல்லி இரண்டு முறையும் அடிபட்ட ஒரு தாயிடம் இதைச் சொல்வது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அண்ணனையும் நான் குறை சொல்ல மாட்டேன். தங்கை மகள் ஒரு நல்ல இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்புதான் அவரை அப்படிப் பேச வைக்கிறது.

ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. பெரியவர்கள் நீங்கள் நிச்சயத்தன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதன் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியவள் உங்கள் மகள், தினமும் இரண்டு வேளை. மாமியாரும் நாத்தனாரும் நடமாடும் புது வீட்டில் மாத்திரை அட்டையை அவள் எங்கே வைப்பாள்? அறையில் யாராவது இருந்தால் அந்த வேளை தள்ளிப்போகும். மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று அலையும் நாட்களில் விட்டே போகும். கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்பி வருவதற்கு மிக முக்கியமான காரணமே இப்படி மாத்திரை விட்டுப்போவதுதான். அடுத்தது, தூக்கம் கெடுவது. நம் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் வரவேற்பில் நள்ளிரவு வரை நிற்க வைக்கிறோம். விடிகாலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே எழுப்பி அலங்காரத்துக்கு உட்கார வைக்கிறோம். விஷயம் தெரிந்த சம்பந்தி வீடாக இருந்தால் ஒன்பது மணி முகூர்த்தம் குறிப்பார்கள், பெண்ணை நேரத்தோடு தூங்க அனுப்புவார்கள். தெரியாத வீட்டில் இதையெல்லாம் அவள் யாரிடம் கேட்க முடியும்?

ராத்திரியில் வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கப்போவதும் அந்தப் பையன்தான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. இது தெரிந்திருந்தால் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான். தெரியாதவன் அலறிப்போவான். அப்புறம், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைத் தன்னிடம் மட்டும் மறைத்தார்கள் என்பது அவனுக்குப் புரியும். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல நீங்களோ உங்கள் அண்ணனோ அங்கே இருக்க மாட்டீர்கள். அவள் ஒருத்திதான் இருப்பாள்.

பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவனும் தன் வாழ்க்கையைத்தான் முடிவு செய்கிறான். தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்தப் பயமே போதும், இது அவனுக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் என்பதற்கு.

அதற்காக ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பவோ, தரகரிடம் விளக்கவோ தேவையே இல்லை. அவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் தெரிந்தால் போதும். உறவுக்காரர்கள் கேட்டால் பதில் சொல்லும் கடமை உங்களுக்குக் கிடையாது.

முந்தைய இரண்டு இடங்களிலும் எப்படிச் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு, செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் “சின்ன வயசுல ஃபிட்ஸ் இருந்துச்சு” என்று இழுத்து நிறுத்திவிடுகிறோம். கேட்பவர்கள் மீதியைத் தாங்களாகவே பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். முழுசாகச் சொல்லுங்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகள் மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறாள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு ஆரோக்கியமான குழந்தை பிறக்கிறது. ஆனால் அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பமாவதற்கு முன்பே மருத்துவர் மருந்தை மாற்றுவார், ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். தானாக மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. மறைத்து வாழும் பெண்ணால் இப்படித் திட்டமிடவே முடியாது. குழந்தை விஷயத்தை நினைத்துத்தான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

சட்டத்தையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்தது. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். உங்கள் மகள் கல்யாணம் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கோர அதே சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது. கோர்ட் படி ஏற வேண்டிய நிலைமை வந்தால் அதையும் அவள்தான் சுமப்பாள்.

இப்போது மகளிடம் போங்கள். உடம்பு அவளுடையது, நோயும் அவளுடையது, இத்தனை நாளாக எல்லோரும் அவளைத் தவிர மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னால் வீட்டுக்கு இவ்வளவு கஷ்டம் என்று அவள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கலாம். என்ன செய்யலாம் என்று அவளையே கேளுங்கள். அவளே பையனிடம் நேரில் சொல்ல முடிந்தால் அதுதான் நல்லது. தன்னைப் பற்றி அவள் நிமிர்ந்து பேசுவதை அவன் பார்க்கட்டும்.

இந்த இடமும் தட்டிப்போகலாம். போகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. போனால் வலிக்கும், அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். ஆனால் மகள் உங்கள் வீட்டில் இருப்பாள், மாத்திரையை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள்.

நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். மகள் சொல்லி முடித்த பிறகு, விருப்பமிருந்தால் பையனும் அவளோடு போய் டாக்டரைப் பார்க்கட்டும். அவனுக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். நீங்களும் உங்கள் கணவரும் வெளியில் உட்கார்ந்திருங்கள்.