பழைய கம்ப்யூட்டர்களை வைத்து 1980களின் ஆபீஸ் போல ஒரு போட்டோ எடுப்பது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஐபிஎம் வகை பிசி, உயிர் போன ஒரு மானிட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கின்றனவாம். நண்பர்கள் சேர்ந்து, அந்தக் கால ஆபீசில் எடுத்தது போல ஒரு படம் எடுக்க வேண்டும். செட் எப்படிப் போடுவது, போட்டோவில் திரை மட்டும் ஏன் பட்டை பட்டையாக விழுகிறது என்று கேட்டிருக்கிறார்.

பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த மாதிரிப் படங்களுக்கு யாராவது கூப்பிட்டால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். அதில் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்றுதான்: படத்தில் இருக்கிற எல்லாமே "நான் பழசு" என்று கத்தும். மஞ்சளடித்த பெட்டி, தூசி, மங்கல் விளக்கு, காபி நிறத்தில் ஒரு ஃபில்டர். ஆனால் 1986இல் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது பழைய காலம் கிடையாது. அவர் முன்னால் இருந்த மெஷின் ஆபீசிலேயே விலை உயர்ந்த சாமான், நேற்று அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள். "80கள்" என்பது போதாது. ஐபிஎம் பிசி வந்தது 1981 ஆகஸ்டில். அதே ஐபிஎம்மின் அடுத்த மாடல்களில், ஹார்டு டிஸ்க்கோடு எக்ஸ்டி 1983இல், ஏடி 1984இல். ஆப்பிளின் மேகிண்டாஷ் 1984 ஜனவரியில். விஜிஏ என்ற கலர் திரை வகையும் 1.44 எம்பி ஃப்ளாப்பி டிஸ்க்கும் ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையோடு 1987இல். எந்த வருடம் என்று முடிவானால், அதற்குப் பிறகு வந்த எதுவும் படத்தில் இருக்கக்கூடாது. முன்னால் வந்தது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எந்த ஆபீசும் ஒரே நாளில் எல்லா சாமானையும் வாங்குவதில்லை. 1986 ஆபீசில் மேஜையும் இரும்பு அலமாரியும் அறுபதுகளுடையதாக இருக்கும், டைப்ரைட்டர் எழுபதுகளில் வாங்கியதாக இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் புதுசு. எல்லாமே 1986ஆக இருந்தால் அது கடை ஜன்னல் மாதிரி தெரியும். டைப்ரைட்டரை ஓரமாகத் தள்ளி, பாதி மூடிய உறையோடு வைத்துப் பாருங்கள். அந்த அறையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும்.

மாட்டிக்கொடுக்கும் சின்ன விஷயங்கள் உண்டு. கீபோர்டில் விண்டோஸ் கீ இருந்தால் அது 1994க்குப் பிந்தையது. ஆரம்ப பிசி கீபோர்டில் எஃப்1 முதல் எஃப்10 வரை இடது பக்கம் இரண்டு வரிசையாக நிற்கும். மேலே வரிசையாகப் பன்னிரண்டு இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை. மேலே சுழற்றும் சக்கரம் வைத்த மவுஸ் தொண்ணூறுகளின் நடுவில்தான் வந்தது. உண்மையில், 1986இல் பெரும்பாலான பிசிக்களுக்கு மவுஸே கிடையாது, எடுத்துவிடுங்கள். பெட்டியில் "இன்டெல் இன்சைட்" ஸ்டிக்கர் இருந்தால் அது 1991க்குப் பிந்தைய சங்கதி. சுவரில் யுஎஸ்பி துளை வைத்த பிளக் போர்டு, கூரையில் சதுர எல்இடி பேனல், யாரோ கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச். கடைசியில் சொன்ன வாட்ச்தான் எல்லாப் படத்திலும் தப்பிவிடுகிறது!

காலண்டர் பற்றி ஒரு உபாயம். 1986க்கும் 2025க்கும் கிழமைகள் அப்படியே ஒன்று. இரண்டுமே புதன்கிழமை பிறந்த வருடங்கள். 1985க்கு 2019 பொருந்தும். லீப் வருடமான 1984க்கு 2012. வருட எண்ணை மட்டும் மாற்றி, பண்டிகை விடுமுறைத் தேதிகள் தெரியாத தூரத்தில் மாட்டினால், கிழமை எண்ணிப் பார்க்கிற ஆசாமிகூட குறை சொல்ல முடியாது. அப்படி எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மஞ்சள் விஷயத்துக்கு வருவோம். பழைய பெட்டிகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டுப் பட்டு மஞ்சளாகும். புதிதாக இருந்தபோது அவை வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு. படத்துக்காக ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்க வைக்கும் வேலை வேண்டாம். திட்டுத்திட்டாகப் போய்விட்டால் மீட்க வழியில்லை. படம் எடுத்தபின் எடிட்டிங்கில் மஞ்சள் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து செறிவைக் குறைத்தால் வேலை முடிந்தது. மரமேஜையும் தோல் நிறமும் கூடவே வெளுக்காமல் இருக்க, எடிட்டிங்கில் பெட்டியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து (மாஸ்க் போட்டு) மாற்றுங்கள்.

மெஷினைப் போடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பல வருடம் சும்மா கிடந்ததைப் படம் எடுக்கிற நாளன்று முதல் தடவை ஆன் செய்யாதீர்கள். பவர் சப்ளையின் பின்பக்கம் 115/230 வோல்ட் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய கெபாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்குவது சகஜம். 386 என்ற சிப் காலத்து மதர்போர்டுகளில் பற்றவைத்த பேட்டரி கசிந்து சுற்றியுள்ள தடங்களைத் தின்றிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது, சில நாள் முன்பே போட்டுப் பாருங்கள். உயிர் போன அந்த மானிட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கி நிற்கும். அதைப் பின்வரிசை மேஜையில் அணைந்தபடியே வையுங்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடுகிற ஆபீஸ் எங்கே இருந்தது?

அடுத்து திரையில் என்ன காட்டுவது. பச்சை எழுத்துகள் மழை போலக் கொட்டுவது சினிமா சமாச்சாரம், ஆபீசில் அது நடக்கவில்லை. கடிதம் அடிக்கிற வேர்ட்ஸ்டார் மென்பொருளில் பாதித் திரை மெனுவும் மீதியில் ஒரு கடிதமும், இல்லையென்றால் 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் ஒரு கணக்குப் பட்டியல், இவைதான் அந்த நாளின் காட்சி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. முதல் ஐபிஎம் பிசியிலும் எக்ஸ்டியிலும் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் உடன் வரவில்லை. அதனால் மெஷினை இயக்கும் மென்பொருளான டாஸ் ஒவ்வொரு தடவை எழும்போதும் இன்று செவ்வாய், 1-01-1980 என்று சொல்லிவிட்டு, சரியான தேதியை அடிக்கச் சொல்லி நிற்கும். காலையில் வந்து உட்கார்ந்தவர் செய்யும் முதல் வேலை மெஷினுக்குத் தேதி சொல்வதுதான். கறுப்புத் திரையில் அந்த ஒன்றிரண்டு வரியும், கீபோர்டில் இரண்டு விரலும், சுவரில் காலண்டரும் ஒரே ஃபிரேமில் வந்தால் தனியாகக் கதை எதுவும் தேவையில்லை. ஃபைல் பட்டியல் காட்டுவதாக இருந்தால் தேதிகளைக் கவனியுங்கள். 1986 படத்தில் 1993 தேதியிட்ட ஃபைல் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

உயிர் போன மானிட்டரிலும் ஒளி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் திரைக்காட்சியை எடிட்டிங்கில் ஒட்டுங்கள். அப்போது 4:3 விகிதம் முக்கியம். 320க்கு 200 புள்ளி கொண்ட காட்சியை அப்படியே ஒட்டினால் அகலமாகத் தெரியும். அந்தத் திரைகளில் புள்ளிகள் சதுரமாக இருக்கவில்லை, அதை 4:3க்கு உயரவாக்கில் இழுத்துத்தான் பார்த்தோம். கண்ணாடி வளைவுக்கு ஏற்ப லேசாகப் புடைக்க வைக்கவும் வேண்டும்.

பட்டை ஏன் விழுகிறது? குழாய்த் திரையில் முழுப்படமும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்துகொண்டே போகிறது. ஐபிஎம்மின் ஒற்றை நிறப் பச்சைத் திரை நொடிக்கு 50 தடவை, ஆரம்பக் கலர் திரையான சிஜிஏ 60 தடவை, விஜிஏவின் எழுத்துத் திரை 70 தடவை. உங்கள் ஷட்டர் 1/250 நொடி திறந்தால், கற்றை வரைந்த துண்டு மட்டும் பளிச்சென்று விழும், மீதி இருட்டு. பச்சைத் திரையில் ஒளி கொஞ்ச நேரம் தங்கி மெதுவாக அணைவதால் பட்டை அவ்வளவு கோரமாக இருக்காது. கலர் திரையில் தப்பவே முடியாது. 1/60 போட்டாலும் திரையின் வேகத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு மெல்லிய கோடு நிற்கும். அதனால் டிரைபாட் போட்டு 1/8 நொடி, 1/4 நொடி என்று இறங்குங்கள். பல சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திரை சீராகிவிடும். மொபைலில் எடுத்தால் ப்ரோ மோடில் ஷட்டரைக் கையால் வையுங்கள்.

1/4 நொடிக்கு மனிதர்கள் அசைவார்களே என்றால், இரண்டு வழி. கேமராவை அசைக்காமல் ஆட்களுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என எடுத்து அப்புறம் ஒட்டுவது முதல் வழி. இரண்டாவது, நான் விரும்புவது: அறை விளக்கைக் குறைத்துவிட்டு, ஷட்டர் மெதுவாகத் திறந்திருக்கும்போதே ஃபிளாஷ் அடிப்பது. ஃபிளாஷ் ஆட்களை உறைய வைக்கும், நீண்ட நேரம் திறந்த ஷட்டர் திரையின் ஒளியைச் சேர்க்கும். ஃபிளாஷ் மட்டும் திரைக்கு நேராக இருக்கக்கூடாது, பக்கவாட்டில் உயரத்தில் வையுங்கள். ஒளி நேராகத் திரையில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகி எழுத்து காணாமல் போகும்.

திரையின் கண்ணாடி வளைந்தது என்பதால் அறை முழுவதும் அதில் தெரியும். ஜன்னல், ட்யூப்லைட், டிரைபாடோடு நீங்களும். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்தால், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் என்ற லென்ஸ் ஃபில்டர் நன்றாக உதவும். எல்சிடி திரை அதில் கறுத்துப்போகும், குழாய்த் திரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. நேர் எதிரே நின்று எடுத்தால் போலரைசரால் பயன் இல்லை. கலர் திரையில் அலை அலையாக வானவில் கோடு வந்தால், கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், இல்லையென்றால் ஃபோகஸை ஒரு மயிரிழை தளர்த்துங்கள். ஒற்றை நிறத் திரையில் இந்தக் கோடு வராது, கலர் திரைக்குள் இருக்கும் சல்லடைத் தகடு அதில் இல்லை. நிறமும் ஒரு தலைவலி. வெள்ளைத் திரை கேமராவுக்கு நீலமாகத் தெரியும், குண்டு பல்பு ஆரஞ்சாக, ட்யூப்லைட் பச்சை சாய்ந்து. நான் ஆட்களின் முகத்துக்கு வெள்ளைச் சமநிலை வைத்துவிட்டு, திரை கொஞ்சம் நீலமாக இருப்பதை அப்படியே விட்டுவிடுவேன். அந்தக் கால ஃபிலிமிலும் அப்படித்தான் விழுந்தது.

லென்ஸின் துளையை எஃப்/1.4 என்று அகலமாகத் திறந்து பின்னணியைக் கரைக்காதீர்கள். ஆபீஸ் படம் எடுத்தவர்கள் ஃபிளாஷ் போட்டு எஃப்/8, எஃப்/11 என்று மூடித்தான் எடுத்தார்கள்; அலமாரியில் இருக்கும் ஃபைலின் முதுகுகூடத் தெளிவாகத் தெரியும். நீங்கள் தேடிப்பிடித்து வைத்த சாமான்களும் அப்போதுதான் தெரியும். வெளிச்சம் தாராளமாக இருக்கட்டும். ஆபீஸ் என்பது வெளிச்சமான இடம்.

பிரிண்டரில் ஓரம் துளையிட்ட தொடர்தாளைப் பின்னாலிருந்து ஏற்றி, சில பக்கம் அச்சாகி முன்னால் மடிந்து விழுகிற மாதிரி வையுங்கள். தாளைக் கிழிக்கிற கை ஒன்று, கிழித்த ஓரப்பட்டை கொஞ்சம் தரையில். அந்தப் பிரிண்டர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச முடியாது, ஆகவே போனை வேறு மேஜைக்கு மாற்றுங்கள். ஃப்ளாப்பிகளை உறையில் போட்டு வையுங்கள். படத்துக்காக வெறுமனே பரப்பி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பதறும். ஆட்களைப் பொறுத்தவரை, வயதானவருக்குப் பத்து வருடம் முந்தைய உடை, சின்னவருக்கு அந்த வருடத்து உடை. எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், ஒருவராவது திரையைப் பார்த்து முகம் சுளிக்கட்டும்.

படம் முடிந்ததும், அந்த வருடங்களில் ஆபீசில் வேலை பார்த்த ஒருவரிடம் பெரிதாக்கிக் காட்டுங்கள். எந்த சாமான் இடம் மாறியிருக்கிறது என்று அவர் கண் உடனே பிடித்துவிடும். டிரைபாடையும் விளக்குகளையும் அதற்கு முன் கழற்றிவிட வேண்டாம், மறுபடி எடுக்க வேண்டி வரும்.